கேட்டவர் பட்டியலில் இரண்டு புள்ளி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பால் திரிந்துபோனால் நான் பாலைக் குறை சொல்ல மாட்டேன், பாத்திரம் கழுவியது யார் என்று கேட்பேன். தொழிலும் அதற்கேற்றபடி அமைந்துவிட்டது. பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. பள்ளிவாசலை ஒட்டிய நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை என்னுடையது. வீடுகளில் பீரோவிலும் பரணிலும் கிடந்த அரபுப் புத்தகங்கள் அங்கே வரும். நபிமொழித் தொகுப்பு, சட்டம், மருத்துவம், வானசாஸ்திரம் என்று என்னென்னவோ. தாளைத் திருப்புவேன், ஓரத்தில் ஸ்கேலை வைப்பேன், பொத்தானை அழுத்துவேன். ஆறு வருஷமாக இதே வேலை. வரும்போது எத்தனை தாள், போகும்போது எத்தனை தாள் என்று உரியவர் முன்னால் எண்ணிக் காட்டாமல் ஒரு புத்தகத்தையும் வெளியே விட்டதில்லை. எல்லாரும் என்னைக் 'கேமராம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சிசிடிவி' என்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று திங்கட்கிழமை. பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் என் அறைக்கு வந்தார். டைல்ஸ் கடைக்காரர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். அன்று தரையைப் பார்க்கவில்லை.

"கேமராம்மா, ஒரு விஷயம். உங்க வீட்டு ஆளு சம்பந்தப்பட்டது. சங்கடப்படக் கூடாது."

"எங்க வீட்டு ஆளுன்னா யாரு?"

"உங்க நாத்தனார்."

எனக்குச் சங்கடமாகவா இருந்தது? நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

என் கணவரின் அக்கா. பதினெட்டு வருஷமாக எனக்கு நாத்தனார். நூலகத்தின் மாடி அறையில் இரண்டு வருஷமாகப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறார். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் இருபது பெண்கள் வருவார்கள். வீட்டு வேலை முடித்து வருகிறவர்கள், தையல் மெஷினை விட்டு எழுந்து வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள். அரபு எழுத்து, நாணல் பேனாவால் எழுதுவது, பழைய புத்தகம் வாசிப்பது எல்லாம் சொல்லித் தருவார். அந்த அறையைத்தான் கமிட்டி இப்போது கேட்டது. யாருக்காக? எனக்காக. கீழே ஈரம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது, மேலே காற்றும் வெளிச்சமும் இருக்கிறது என்று நான்தான் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். "இங்க பொம்பளைங்க பாடம் நடத்தின வழக்கமே இல்லையே, அந்த ரூமைக் கொடுத்துடுங்க" என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. "வழக்கம் இருந்துச்சு, முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, எங்க வீட்டுப் புத்தகத்துல எழுதியிருக்கு" என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்தும் வைத்திருக்கிறார்.

அந்தப் புத்தகம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நான்தான் அதைப் படம் பிடித்தேன். நபிமொழித் தொகுப்பு, இருநூற்றுப் பதினான்கு தாள். கடைசித் தாளில் கேட்டவர் பட்டியல் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தை ஆசிரியர் முன்னிலையில் சத்தமாக வாசித்து முடித்ததும், யார் யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்று கடைசியில் எழுதிவைப்பார்கள். 'இன்னாரும் அவர் மகளும், மகளுக்கு ஐந்து வயது', 'இன்னார், இரண்டாம் அமர்வுக்கு வரவில்லை' என்றெல்லாம் விவரமாக இருக்கும். ஆள் வராததையும் குறித்துவைத்த அந்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பட்டியலை எழுதியவர் ஒரு படி மேலே போய், 'பெயர்களை எழுதும் நான் மூன்றாம் அமர்வில் தூங்கிவிட்டேன். அந்தப் பகுதியைக் கேட்டதாக நான் சொல்லமாட்டேன்' என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது நான் சிரித்தேன்.

வாசித்துக் காட்டியவர் தும்மல் மவ்லவி. நான் எடுக்கும் படங்களைப் பார்த்து, எந்தப் புத்தகம், யார் எழுதியது, என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுபவர். பழைய தாளின் தூசு பட்டால் பதினைந்து தும்மல் தும்முவார். அதனால் புத்தகத்தைத் தொடவே மாட்டார், எல்லாம் திரையில்தான். அவர் அந்த வரியை, 'இந்தப் பள்ளியின் மாடி அறையில், ஏழு அமர்வுகளில், அவனுடைய ஆசிரியர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். ஆசிரியரின் பெயர் இருந்த இடத்தை நீர்க்கறை சாப்பிட்டுவிட்டது.

செயலாளர் தன் போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று நான் எடுத்தது. இன்னொன்று, நாத்தனார் கொண்டுவந்த புத்தகத்தை அவரே எடுத்தது.

"பாருங்க. உங்க படத்துல இந்த வார்த்தை மேல ஒண்ணுமில்ல. இப்ப புத்தகத்துல ரெண்டு புள்ளி இருக்கு. மவ்லவிகிட்ட கேட்டேன். கடைசி எழுத்து மேல ரெண்டு புள்ளி இருந்தா 'ஷைகா', அதாவது ஆசிரியை. புள்ளி இல்லேன்னா 'ஷைகிஹி', அவனோட ஆசிரியர். ரெண்டே புள்ளி, கேமராம்மா. ஆம்பளை பொம்பளையாயிட்டாரு."

"மூணு வருஷமா புத்தகம் யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"அவங்க பீரோவுலதான். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு அப்புறம் கூட்டம். ரெண்டு படத்தையும் பெருசா பிரிண்ட் போட்டு, பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரு அறிக்கை எழுதிக் கொடுங்க. புத்தகத்துல கைவச்சவங்க கையில பாடத்தைக் கொடுக்க முடியாது. ரூமும் கிடையாது, பாடமும் கிடையாது. நாங்க சொன்னா நாலு பேச்சு வரும். படம் சொன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது. படம் பொய் சொல்லாது பாருங்க."

"என் படம் சொல்லாது" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். மருந்துக்கடை வைத்திருப்பவர், அளந்துதான் பேசுவார்.

"அக்கா அப்படிச் செய்யமாட்டாங்க" என்றார்.

"ஏன் செய்யமாட்டாங்க? நாணல் பேனா இருக்கு. அந்தக் காலத்து முறையில மையைத் தானே காய்ச்சிக்கிறாங்க. புத்தகம் கையில இருக்கு. தேவையும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"மனசு வேணும்."

"அதைப் படம் பிடிக்க எங்கிட்ட கேமரா இல்ல."

அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் அவர் செய்யும் அதிகபட்சம் அதுதான்.

நான் பழையதையெல்லாம் அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் என்னைக் குத்திப் பேசாத நாளே கிடையாது. கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பைப் பார்த்து, "இதுல காய் இருக்கா, இல்ல காய் வந்துட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டவர். மூன்று வருஷத்துக்கு முன் அவர் புத்தகத்தைப் படம் பிடித்து முடித்ததும், திரையில் பளிச்சென்று தெரிந்த பக்கத்தை ஆசையாகக் காட்டினேன். "பாருங்கக்கா, உங்க புத்தகத்தைக் குளிப்பாட்டி விட்டிருக்கேன். ஒரு அழுக்கு இல்ல" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அழுக்கோட வேற எதுவும் போயிடலையே?" என்றார். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை நான். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் கோணிவிடுமா?

செவ்வாய்க்கிழமை பாடத்துக்கு முன்னால் புத்தகத்தோடு அவரே கீழே வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைக்கும்போது அவர் கையைப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் மைக்கறை. அப்போதே முடிவு கட்டிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"எண்ணிக்கோ" என்றார்.

எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. கடைசித் தாளைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் அந்தச் சொல்லின் தலைமேல் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. மை மற்ற எழுத்துகளைப்போலவே பழுப்பாக இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஏமாற்றுகிறவர் பச்சை மையிலா புள்ளி வைப்பார்?

"என்ன பார்க்கறே?"

"மை ஒண்ணாத்தான் இருக்கு."

"ஒரே ஆள் எழுதினா ஒண்ணாத்தான் இருக்கும்."

"நல்லாப் பழகின கையா இருந்தா, வேற ஆள் எழுதினாலும் ஒண்ணாத் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து பதிலுக்குப் பதில் வரவில்லை.

"நீ அப்படி நினைக்கறியா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் நினைக்கறது முக்கியமில்லக்கா. படம் என்ன சொல்லுதுங்கறதுதான்."

"சரி. படத்தை எடு."

எடுத்தேன். அதே கேமரா, அதே விளக்கு, அதே ஸ்கேல். இருபது பெண்கள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. அவர் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "வியாழக்கிழமைக்கு அப்புறம் இவங்ககிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கறேன்" என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொன்னதல்ல அது. அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை காலை இரண்டு படங்களையும் மேஜை அகலத்துக்குப் பிரிண்ட் போட்டேன். இடது பக்கம் பழையது, வலது பக்கம் நேற்று எடுத்தது. சிவப்புப் பேனாவால் இரண்டிலும் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதியும் முடித்துவிட்டேன். 'மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த படத்தில் இல்லாத இரண்டு புள்ளிகள்...'

அளவைக் குறிக்க வேண்டுமே என்று ஓரத்தில் இருந்த ஸ்கேலைப் பார்த்தேன்.

என் ஸ்கேல் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்கேல். சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, இரண்டு கோட்டுக்கு நடுவில், அரை சென்டிமீட்டருக்கு, ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. வலது பக்கப் படத்தில் எல்லாப் புள்ளியும் இருந்தது. இடது பக்கப் படத்தில் கோடுகள் இருந்தன, எண்கள் இருந்தன, புள்ளி ஒன்றுகூட இல்லை.

யாரோ ஸ்கேலை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் அறையில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்று ஆகிவிட்டதா? ஆனால் என் ஸ்கேலின் ஒரு மூலை இஸ்திரிப் பெட்டி பட்டு உருகி, நாய் கடித்த மாதிரி இருக்கும். இடது படத்திலும் அந்த மூலை அப்படியே உருகித்தான் இருந்தது. ஸ்கேல் அதேதான்.

அடுத்த சந்தேகம் மவ்லவிமேல். பக்கத்து அறைக்குப் போனேன். கையில் பிரிண்ட்டோடு நான் நின்றதுமே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது புதுத் தாள்தான், தூசு இல்ல. உண்மையைச் சொல்லுங்க. படத்துல நீங்க எதையாவது திருத்தினீங்களா?"

"நானா? படத்தைப் பெரிசாக்கறதுக்கே உங்களைக் கூப்பிடறேன். திருத்தத் தெரிஞ்சா நான் ஏம்மா இன்னும் பேப்பர்ல பட்டியல் எழுதிட்டு உங்ககிட்ட டைப் அடிக்கக் கொடுக்கறேன்?"

அது உண்மை. திரும்பி வந்து கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் செயல் பதிவைத் திறந்தேன். எந்தப் படத்தில், எந்தத் தேதியில், யார், என்ன செய்தார்கள் என்பது தானாகவே அதில் பதிந்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வரி இருந்தது. 'கறை நீக்கம், நான்காம் நிலை.' செய்தவர் பெயர்: 'கேமரா 1'.

கேமரா 1 நான்தான்.

என் பாஸ்வேர்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெம்பு வந்தது. ஒரு நிமிஷம்தான். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றுகிறவள் நான். எழுதிவைக்க மாட்டேன், கணவரிடம்கூடச் சொல்ல மாட்டேன். வெளியே போனால் அறையையும் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். யாரையும் நம்பாமல் நான் போட்ட பூட்டுக்குள் என்னைத் தவிர யாரும் வந்திருக்க முடியாது.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த மாதம், எங்கள் வேலைக்குப் பண உதவி செய்யும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "படமெல்லாம் அழுக்கா இருக்கே, ஈ உட்கார்ந்த மாதிரி" என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய சாஃப்ட்வேரில் கறை நீக்கும் வசதி ஒன்று இருந்தது. எழுத்தைவிடச் சின்னதாக, தனியாக நிற்கும் கறுப்புத் துளியை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். இரண்டாம் நிலையில் வைத்தேன், போதவில்லை. நான்காம் நிலையில் வைத்ததும் பக்கம் பளபளவென்று ஆகிவிட்டது. புத்தகத்தின் உள்ளே இருந்த கொட்டை எழுத்துப் புள்ளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். கேட்டவர் பட்டியலை மெல்லிய பேனாவால், பொடி எழுத்தில், பெரும்பாலும் புள்ளியே வைக்காமல், குழப்பம் வரும் சொல்லுக்கு மட்டும் வைத்து எழுதியிருப்பார்கள் என்பது என் புத்தியில் ஏறவில்லை. அரபு எழுத்தில் புள்ளிதான் பாதி உயிர் என்று மவ்லவி எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பதினான்கு மாதம் அப்படியே ஓட்டினேன். புது சாஃப்ட்வேர் வந்தபிறகுதான் அது நின்றது.

நேற்று எடுத்த படத்துக்கு ஒரு நகல் போட்டு, பழைய சாஃப்ட்வேரைத் தேடி எடுத்து லேப்டாப்பில் ஏற்றி, அதில் நான்காம் நிலையை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஸ்கேலில் இருந்த புள்ளிகள் போயின. ஆசிரியையின் தலைமேல் இருந்த இரண்டு புள்ளியும் போயின. ஒரு நொடி கூட ஆகவில்லை.

 முதலில் எடுத்த படங்கள் இருக்குமே, துடைக்காத படங்கள், அவற்றை எடுத்தால் சரியாகிவிடுமே என்று ஹார்ட் டிஸ்க்கைத் தேடினேன். இருக்காது என்பது தேடும்போதே தெரியும். இடம் போதவில்லை என்று அவற்றை அழித்ததும் நான்தான். 'சுத்தமான படம் இருக்கும்போது அழுக்குப் படம் எதற்கு' என்று கமிட்டிக்கு எழுதிய கடிதத்தின் நகல்கூட ஃபைலில் இருந்தது. பதினான்கு மாதம், முப்பத்திரண்டு வீட்டுப் புத்தகங்கள், பதினோராயிரம் பக்கம். அதில் ஒரு வீட்டில் போன வருஷம் தண்ணீர்க் குழாய் உடைந்து புத்தகங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அந்த வீட்டுக்காரர் அழுதுகொண்டே வந்தபோது, "கவலைப்படாதீங்க, எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

எனக்கு அழுகை வந்தது. அழவும் செய்தேன். கறுப்புத் துணி கட்டிய அறையில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது.

அழுது முடித்ததும் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஸ்கேலை யார் பார்க்கப் போகிறார்கள்? படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாடி அறை எனக்கு வந்துவிடும். ஜன்னல் இருக்கும். வேலையும் இருக்கும். 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் நாத்தனாருக்கும் பெரிய கெட்ட பெயர் வராது. கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்தேன். அப்போது, "நீ அப்படி நினைக்கறியா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கூடியது. நீள மேஜையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், ஓரத்தில் கைக்குட்டையோடு மவ்லவி. எதிரில் நாத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தார், மடியில் துணி சுற்றிய புத்தகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் லேப்டாப்பையும் இரண்டு பிரிண்ட்டையும் மேஜைமேல் வைத்தேன். கடைசியில் ஸ்கேலையும் வைத்தேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "கேமராம்மா, சுருக்கமாச் சொல்லுங்க. படம் பொய் சொல்லாதில்ல?"

"சொல்லும். சொல்லியிருக்கு. சொல்ல வச்சது நான்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உதட்டைச் சுழித்தவரிலிருந்து கூழாகிப்போன புத்தகங்கள்வரை.  

செயலாளர் சுதாரித்துக்கொண்டார். "பொறுங்கம்மா. திங்கட்கிழமை 'என் படம் சொல்லாது'ன்னீங்க. இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. நடுவுல வீட்டுல பேசி வச்சுக்கிட்டீங்களா? நாத்தனாரைக் காப்பாத்தணும்னு..."

என்னையா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு வாழ்ந்தவளை ஒருவர் நேருக்கு நேர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சுட்டது. செவ்வாய்க்கிழமை நான் ஒருவரைச் சுட்ட அதே சூடு.

ஸ்கேலை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இதுல புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"பழைய படத்துல இதே ஸ்கேல்தான். மூலையைப் பாருங்க. புள்ளி இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரமானது.

"எங்க அக்காவைக் காப்பாத்த நான் பொய் சொல்றேன்னே வச்சுக்கோங்க. இந்த ஸ்கேலும் எங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

மேஜையின் அந்தக் கோடியில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். நான் லேப்டாப்பைத் திருப்பி, எல்லார் கண் முன்னாலும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டு புள்ளிகள் இல்லை.

 மவ்லவிதான் எழுந்தார். நாத்தனார் முன்னால் போய் நின்று, "அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கம்மா" என்றார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கடைசித் தாளைத் திறந்து, மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்பது தும்மல். கண்ணில் தண்ணீர் வழிய மறுபடி பார்த்தார்.

"ஷைகா. ஆசிரியைதான். சந்தேகமே இல்ல" என்றார். அதோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. "கேமராம்மா, நம்ம பட்டியல்ல 'அவனுடைய ஆசிரியர்'னு தேடுங்க. அந்தப் பதினாலு மாசப் படங்கள்ல மட்டும்."

தட்டினேன். "நாற்பத்தொண்ணு."

"பெயர் இருந்தா ஆணா பெண்ணான்னு அதுலேயே தெரிஞ்சுடும், அதை விடுங்க. பெயர் கிழிஞ்சு போனது, கறை பட்டது, பூச்சி தின்னது. அது எத்தனை?"

ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமானது. "பதினேழு."

"அதுல எத்தனை குழாய் உடைஞ்ச வீட்டுது?"

"ஆறு."

"பதினொண்ணைத் திரும்பப் பார்த்துடலாம். நானே போறேன். தும்மினாத் தும்மறேன்" என்றார் மவ்லவி. "அந்த ஆறு? ஆசிரியரா, ஆசிரியையா? இனி யாருக்கும் தெரியாதும்மா." அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. தன் பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாடி ரூம் அப்படியே இருக்கட்டும். பாடம் நடக்கட்டும். கேமராம்மா விஷயத்தை அடுத்த கூட்டத்துல பேசுவோம்." நாத்தனாரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நாத்தனார், "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பாடம் முடிந்து பெண்கள் இறங்கிப் போனபிறகு நான் மாடி ஏறினேன். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நானாக மன்னிப்புக் கேட்கப் போனது அதுதான் முதல் தடவை. அவர் நாணல் பேனாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். விரலில் அதே மைக்கறை. பாடம் நடத்துகிறவர் விரலில் மை இல்லாமல் வேறென்ன இருக்கும்?

"அக்கா, நான் உங்களைத் தப்பா நினைச்சேன். நினைச்சதோட விடல, சந்தோஷமா நினைச்சேன். அதுதான் எனக்கு வெட்கமா இருக்கு."

அவர் பேனாவைத் துடைத்தார். "தெரியும். உன் மூஞ்சி மறைக்காது. கமிட்டி என்ன செய்யும்?"

"தெரியல. அவங்க என்னை வேலையை விட்டு அனுப்பறவரைக்கும் ஒரு வேலை செய்யலாம்னு இருக்கேன். அந்தப் பதினோராயிரம் பக்கத்துக்கும் கீழ ஒரு குறிப்பு எழுதப் போறேன். தூங்கிட்டேன்னு எழுதினாரே ஒருத்தர், அவரை மாதிரி. காலையில ஒண்ணு எழுதிப் பார்த்தேன்."

தாளை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் சத்தமாக வாசித்தார். "'இந்தப் பக்கத்தைப் படம் எடுத்த நான், அழுக்கு என்று நினைத்துச் சிறு புள்ளிகளை அழித்துவிட்டேன். இங்கே இருப்பதுதான் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.'"

மறுபடி ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். குத்தலாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"அந்தக் குழாய் உடைஞ்ச வீட்டுப் பக்கத்துக்கும் இதுதானா?"

"அதுக்கும் இதுதான். வேற என்ன எழுத முடியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முன்னூறு வருஷத்துக்கு முன் அந்த அறையில் உட்கார்ந்து ஏழு அமர்வுகள் பாடம் சொன்னவரின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. இருந்தார் என்பது மட்டும் இரண்டு புள்ளியில் தெரியும். அப்படி இருந்த இன்னும் ஆறு பேரை நான் துடைத்திருக்கலாம். துடைக்காமலும் இருந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் மட்டும் சாகிறவரை என்னோடு வரும்.

"பதினோராயிரத்தையும் நீயே எழுதப் போறியா?" என்றார்.

"ஆமாக்கா. கையாலதான். கம்ப்யூட்டரை நம்பி ஒரேயடியா ஒட்ட மாட்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து எழுதணும்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் போட்டார். உட்காரச் சொல்லவில்லை. போட்டுவிட்டு, என் தாளை என்னிடமே நீட்டினார்.

"அவசரத்துல 'சொல்லமாட்டேன்'ல 'ல்'லுக்குப் புள்ளியை விட்டுட்டே பாரு. புள்ளி வச்சு எழுது."